கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் புருவம் எழுதும் கலை

கண்ணிமைக்குப் பூசுவதற்கென்று செய்யப்பட்ட ஐ ஷேடோ என்னும் வண்ணத் தூளைச் சாய்வான முனையுடைய சிறு தூரிகையில் தொட்டு, புருவ முடிகளுக்கு இடையே தோல் தெரியும் இடங்களை அதனால் நிரப்பும் முறை, இன்று சிறு நகரங்களின் அழகு நிலையங்களிலும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. கருவியும் பெயரும் புதியவை, வேலை பழையது. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையடிவாரத்திலும் கரியையும் மாவையும் எண்ணெயையும் கொண்டு புருவம் எழுதும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. அதைக் கைவிடாமல் காத்தவர்கள் யார் என்று பார்க்கும்போது, அலங்காரத்துக்குப் பெயர்போன மணப்பெண்களைக் காட்டிலும், பிள்ளை பெற்ற தாய்மாரும் தெருக்கூத்துக் கலைஞரும் கூவாகம் திருவிழாவுக்கு வரும் திருநங்கையருமே முன்னால் நிற்கிறார்கள்.

இவ்வட்டாரம் நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1993இல் விழுப்புரம் மாவட்டத்துடன் பிரிந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சங்ககாலத்து மலையமான்களின் திருக்கோவிலூர் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. அக்காலத் தமிழகத்தில் கண்ணுக்கு மை தீட்டும் பழக்கம் பரவலாக இருந்ததற்கு இலக்கியம் மட்டுமன்றி மண்ணும் சான்று தருகிறது. கீழடி அகழாய்வில் கிடைத்த செம்புப் பொருள்களுள் அஞ்சனக்கோல், அதாவது மையைத் தொட்டுக் கண்ணில் இழுக்கும் மெல்லிய கோலும் உண்டு. அஞ்சனம் என்ற பெயரில் வழங்கிய கறுப்புக் கனிமத் தூள் ஒருபுறம் இருக்க, வீடுகளில் புழங்கியது பெரும்பாலும் விளக்குக் கரியால் செய்த மையே. கல்லைப் பொடித்துச் செய்யும் மைகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், இந்தியாவில் அழகுசாதனங்களுக்குச் சாயப்பொருளாகக் காரீயத்தையும் ஆர்செனிக்கையும் சேர்ப்பது பிற்காலத்தில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. வீட்டு விளக்கின் கரிக்கு அந்தக் குற்றம் இல்லை.

அந்த வீட்டு மையின் செய்முறை எளிது, ஆனால் பொறுமை கேட்பது. வெள்ளைப் பருத்தித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தி, அதைப் பலமுறை திருப்பிச் செய்து, பிறகு திரியாக முறுக்கி, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றுவார்கள். சுடருக்கு மேலே செம்பு அல்லது பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தால் சில மணி நேரத்தில் அதன் அடியில் பஞ்சு போன்ற கரி படியும். அதைச் சுரண்டி எடுத்து, விளக்கெண்ணெயோ நெய்யோ சில துளிகள் விட்டுக் குழைத்தால் மை. இந்தக் கரி தண்ணீரோடு சேராது, எண்ணெயோடுதான் சேரும். ஆகவே இம்மை கண்ணின் ஓரத்துக்கு ஏற்றதாக இருந்தாலும், வெயிலில் இளகி வழியும் குணத்தால் புருவத்துக்கு அவ்வளவு பொருந்துவதில்லை.

புருவத்துக்கென்றே தமிழ்த் தாய்மார் கண்டது வேறொரு பொருள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டியபின், நெற்றியில் பெரிய பொட்டும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்து, இரு புருவங்களையும் விரலால் இழுத்து எழுதும் அந்தக் கறுப்புக்குச் சாந்து என்று பெயர். அரிசியையோ ஜவ்வரிசியையோ இரும்புச் சட்டியில் இட்டுப் புகையெழும்பிக் கருகிப் பிசினாகும் வரை வறுத்து, அதில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கெட்டியாகி வரும் கறுப்புக் குழம்பைக் கொட்டாங்குச்சியில் வார்த்து வெயிலில் காயவைப்பார்கள். ஓரிரு நாளில் அது பளபளக்கும் கருங்கட்டியாக இறுகிவிடும். பிறகு வேண்டும்போதெல்லாம் ஈரவிரலால் கொட்டாங்குச்சியின் உட்புறத்தைத் தேய்த்தால் போதும், நிறம் விரலில் ஏறிவிடும். மாவுப்பொருள் கடுஞ்சூட்டில் கருகும்போது அதன் ஒரு பகுதி கரியாகிறது. மறுபகுதி நீரில் கரையும் பசையாக மாறி அந்தக் கரியைப் பிடித்து வைக்கிறது. எண்ணெய் கலவாததால் சாந்து இளகுவதில்லை. காய்ந்தபின் தோலோடு ஒட்டி நிற்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

குழந்தைக்குப் புருவம் எழுதுவதற்குத் தாய்மார் சொல்லும் காரணங்கள் இரண்டு. கண்ணேறு படாது என்பது ஒன்று, எழுதிய இடத்தில் முடி அடர்ந்து வளரும் என்பது மற்றொன்று. முடி வளர்வது சாந்தால் நிகழ்வதன்று; பிறந்தபோது மெல்லியதாக இருக்கும் புருவம் வளரும் குழந்தைக்குத் தானே கறுத்துவிடுகிறது. எனினும் இவ்வழக்கத்தின் மதிப்பு அந்நம்பிக்கையின் மெய்ம்மையைச் சார்ந்ததன்று. முகத்துக்கு ஒரு புருவம் எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிய வேண்டும் என்ற வடிவறிவு, எழுத்தறியாத பாட்டிமார் கைவழியே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது இதனால்தான்.

இவ்வட்டாரத்தில் சாந்துக்கும் நிலத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கத்துப் புன்செய்களிலும் விளையும் மரவள்ளிக்கிழங்கு, சேலம், ஆத்தூர் வட்டாரத்து ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகிறது. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோகவே, 1943 அளவில் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு அதைச் செய்யும் தொழில் தொடங்கியது. ஆலையாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் ஏற்பட்டது. கடல்கடந்து வந்து விலையேறிக் கிடந்த ஒரு பண்டம் இப்படி ஒரு தலைமுறைக்குள் பக்கத்து ஊர்ச் சரக்காக மாறியதால், அரிசியைக் கருக்கிக்கொண்டிருந்த வீடுகளில் ஜவ்வரிசி அந்த இடத்தைப் பிடிப்பது எளிதாயிற்று. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாக மரபுரைக்கும் தமிழ் பேசும் மக்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அவர்களுடைய மலையில், சாமையும் தினையும் விளைந்த நிலங்களின் நடுவே மரவள்ளி பணப்பயிராக இடம்பெற்றது.

புருவத்தைச் சிறியதாக அன்றி மிகப் பெரியதாக எழுதிய மரபு தெருக்கூத்தினுடையது. வடதமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவுதோறும் கூத்து நடத்தி, படுகளத்தோடும் தீமிதியோடும் முடியும் திருவிழாக்களே கூத்து ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, முக்கியப் பிழைப்பு. கனமில்லாத கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் மார்ப்பதக்கமும் அணியும் கட்டை வேடங்களில், அவ்வளவு பெரிய அணிகளுக்கு நடுவே சிறிய மனித முகம் மறைந்துபோகாமல் காப்பது புருவமும் மீசையுமே. கூத்தர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வர். முத்துவெள்ளை எனப்படும் வெண்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அடிப்பூச்சிட்டு, துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை அல்லது நீலம் என்று பாத்திரத்துக்குரிய நிறத்தை ஏற்றி, அதன்மேல் விளக்குக் கரியால் ஈர்க்குச்சி கொண்டு புருவத்தை நெற்றிப்பொட்டு வரை இழுத்து, அதன் ஓரத்தில் வெண்புள்ளி வைத்து முடிப்பது வழக்கம். பழங்காலத்தில் மஞ்சள் நிறத்துக்குப் பயன்பட்ட அரிதாரம் என்னும் கனிமத்தின் பெயரே பின்னர் முழு ஒப்பனைக்கும் ஆகிவந்தது. அது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த நச்சுப் பொருள் என்பதால் அதன் இடத்தை வேறு தூள்கள் பிடித்துக்கொண்டது நல்லதே.

எண்ணெய்ப் பூச்சு வியர்வையில் வழியாமல் இருக்க, எழுதி முடித்த முகத்தின்மேல் உலர்ந்த தூளை ஒற்றி எடுப்பது ஒப்பனைக்காரர் அறிந்த நுட்பம். விடிய விடிய ஆடும் கலைஞனுக்கு இது அழகைச் சேர்ந்ததன்று, தேவையைச் சேர்ந்தது. தீவட்டி வெளிச்சத்தில், களத்தின் கடைசி வரிசையில் சாக்கு விரித்து அமர்ந்திருப்பவருக்கும் சினமும் ஐயமும் வியப்பும் தெரிய வேண்டுமானால், அவற்றைச் சொல்லும் உறுப்பு தடித்துக் கறுத்திருக்க வேண்டும். நாட்டியத்துக்கு இலக்கணம் வகுத்த பரதரின் நாட்டிய சாத்திரம் புருவ அசைவுகளை ஏழாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய உணர்ச்சியைச் சொல்வதும் இதே அறிவின் மற்றொரு வெளிப்பாடு. கூத்தில் பெண் வேடமும் ஆண்களே கட்டி வந்ததால், ஓர் ஆணின் முகத்தில் பெண்ணின் புருவத்தை எழுதும் நுட்பமும் ஜமாக்களிடம் தனியே வளர்ந்தது: பாஞ்சாலிக்கு எழுதும் புருவம் நெற்றிப்பொட்டுக்கு ஏறாமல், மெலிந்து வளைந்து கண்ணின் போக்கிலேயே முடியும்.

இம்மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகத்தில், பாரதக் கதையும் புருவம் எழுதும் கலையும் ஒன்றாகச் சேர்கின்றன. பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குப் பலியாக ஒப்புக்கொண்ட அரவான், அதாவது கூத்தாண்டவர், சாகுமுன் மணம் செய்துகொள்ள விரும்ப, கண்ணனே மோகினி வடிவெடுத்து அவனை மணந்தான் என்பது கூத்தாண்டவர் கோயிலின் கதை. சித்திரையில் நடைபெறும் இத்திருவிழாவில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்வது முதலில் சுற்றுவட்டார ஊர்மக்களின் நேர்த்திக்கடன். ஆண்களும் சிறுவர்களும்கூட அதைச் செய்கிறார்கள். அவர்களோடு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கையர் வந்து கூடி, மணப்பெண்ணாகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவான் களப்பலிக்குப் பின் அதை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். ஊர்கள் பகிர்ந்து செய்யும் அரவானின் பேருருவிலும் வைக்கோலால் அமைந்த உடல்மேல் ஏறும் மரத்தலைக்கு, விழித்த கண்ணும் முறுக்கிய மீசையும் தடித்த புருவமுமே உயிர் கொடுக்கின்றன.

திருநங்கையருக்குப் புருவம் எழுதுவது விழா அலங்காரத்தினும் மேற்பட்டது. முகத்தின் எலும்பை மாற்ற முடியாதபோதும், தாழ்ந்து நேராக ஓடும் புருவத்தை மேலே தூக்கி வளைத்து எழுதினால் கண் அகன்று தோன்றும், முகத்தின் சாயலே மாறும். சித்திரை வெயிலில் எண்ணெய் மையோ மெழுகு கலந்த புருவப் பென்சிலோ நெற்றி வியர்வையோடு இறங்கிவிட, பளபளப்பில்லாத பழுப்புத் தூள் நாள் முழுதும் நிற்கிறது. ஒரே ஐ ஷேடோ பெட்டி இமைக்கும் புருவத்துக்கும் கன்னத்தின் நிழலுக்கும் உதவுவதால் செலவும் குறைகிறது. இதைக் கற்றுக்கொடுத்தது எந்த அழகுக்கலைப் பள்ளியும் அன்று; மூத்தவர் இளையவருக்கு எழுதிக்காட்டும் வழக்கத்திலேயே இவ்வறிவு பரவியது. தமிழக அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஒருவர் முகத்தை ஒருவர் எழுதிக்கொண்ட இந்த உறவு அவர்களுக்கு ஆதரவாக இருந்தது என்பதை ஒப்பனை வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

கடைச்சரக்கின் வரவு தனிக்கதை, ஆனால் சுருக்கமானது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மேபலின் நிறுவனம் 1917இல் விற்கத் தொடங்கிய இமை மை, ஈரத்தூரிகையால் தேய்த்து இமைமுடிக்கும் புருவத்துக்கும் பூசும் கருங்கட்டியாகவே இருந்தது. தத்துவத்தில் அது நம் கொட்டாங்குச்சிச் சாந்திலிருந்து வேறுபட்டதன்று. சென்னையில் 1938இல் தொடங்கிய அரவிந்த் லேபரட்டரீஸின் ஐடெக்ஸ் மை, சிறு டப்பாவில் தமிழகம் எங்கும் சென்றது; டாடா குழுமம் 1952இல் லக்மேயைத் தொடங்கியது. வளையல் கடையில் டப்பா மை கிடைத்தபோது தட்டில் கரி பிடிக்கும் வேலை வீடுகளில் மெல்ல நின்றது. நூலால் முடி பறித்துப் புருவத்தைத் திருத்தும் த்ரெட்டிங் வந்தபின், மெலிந்த புருவத்தை மீண்டும் நிரப்ப வேண்டிய தேவையும் வந்தது. இன்றைய ஐ ஷேடோவில் இருப்பது அப்பிரகமும் மாக்கல் தூளும் இரும்பு ஆக்சைடு நிறமிகளும். அன்று கருகிய அரிசி செய்த வேலையை இன்று இவை செய்கின்றன.

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் தெய்வ உருவங்களுக்கு மரத்தில் புருவம் செதுக்கும் கைகளுக்கு உரிய பெயர் கிடைத்தது. மனித முகத்தில் புருவம் எழுதிய கைகளுக்கு அத்தகைய பதிவு தேவை. கூத்து வாத்தியார்களிடம் உள்ள நிறக் கலவைகளையும், வயது முதிர்ந்த பெண்களிடம் உள்ள சாந்துப் பக்குவத்தையும், கூவாகத்துக்கு ஆண்டுதோறும் வரும் மூத்த திருநங்கையரின் கைத்திறனையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு, அளவும் முறையும் பிசகாமல் எழுதி வைக்கும் பணியை இம்மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் உடனே மேற்கொள்ள வேண்டும்.