குதிரைத் திடலும் கடற்கரைக் கூடாரமும்

ஓய்வுக்கும் ஒரு வரலாறு உண்டா? உண்டு. விடியுமுன் பிரட்டுக்கு நின்று பழகிய நம் குடும்பங்களுக்கு அது எளிதில் விளங்கும்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டியது ஃபேரர் பார்க். 1843இல் அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கிற்று. துரைமார்களுக்கு அது பொழுதுபோக்கு. குதிரையைத் தேய்த்து, தீனி வைத்தவர்களுக்கோ அது வேலை நாள். 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் அத்திடலிலிருந்தே. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. அதன்பின் திடல் பொதுமக்களின் விளையாட்டிடமாயிற்று. 1942 பிப்ரவரி 17இல் பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கேதான்.

திடல் கிடைத்தது, கடற்கரை எப்படிக் கிடைத்தது? 1966இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கத் தொடங்கியது. பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை ஓடும் பட்டைகளில் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். 1980களின் நடுப்பகுதிவரை நடந்த இவ்வேலையில் 1,500 ஹெக்டேருக்கு மேல் நிலம் எழுந்தது. அதன் ஓரத்தில் அமைந்ததே ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. நீளம் சுமார் 15 கிலோமீட்டர்.

அடுக்குமாடி வீட்டுக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் அங்கே கூடாரம் அடிக்கின்றன. அனுமதிச் சீட்டு வேண்டும், கட்டணம் இல்லை. பாயும் சோற்றுப் பாத்திரமும் இருந்தால் போதும், அலையோசை கேட்டுக்கொண்டே உறங்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பழைய கரையில் மலாய் மீனவர் கம்பங்கள் இருந்தன. கடல் தள்ளிப்போனதும் அவர்களின் படகுத்துறையும் போயிற்று. ஒருவரின் உல்லாசக் கரை, இன்னொருவரின் தொழிற்கரையாக இருந்தது.

கரை இருந்தால் மட்டும் போதுமா? போக நாள் வேண்டுமே! மலாயாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வார ஓய்வையும் சம்பளத்துடன் விடுப்பையும் எழுதிவைத்தது. சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம் வந்தது. இன்றும் வீட்டுப் பணிப்பெண்கள் அச்சட்டத்துக்குள் வருவதில்லை. கடற்கரைக் கூடாரத்தை நிறுத்துவது கயிறும் முளையும் மட்டுமல்ல. சட்டத்தில் எழுதிய விடுப்பும்தான். ஆகவே நம் பிள்ளைகள் கடலைக் கேட்கும்போது, நமக்குரிய விடுப்பு எத்தனை நாள் என்பதையும் சேர்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.