சொப்புச் சாமான் சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரசர்கள், போர்கள், கோட்டைகள், கோபுரங்கள். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன அம்மியும் வரலாறு சொல்லும். அன்றாடம் புழங்கும் பொருள்களைச் சிறிதாக்கிச் செய்யும் கைவினைஞர்களைப் பற்றியும், அவர்கள் உலகுக்குச் செய்த உதவியைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய வட்டாரத்தைத் தேக்கா என்று தமிழர்கள் அழைப்பார்கள். லிட்டில் இந்தியா என்பதும் அதுதான். நவராத்திரி நெருங்கும்போது தமிழகத்தில் செய்த கொலுப் பொம்மைகள் அங்கே கடைக்கு வரும். கோயில்களிலும் வீடுகளிலும் படிகட்டிக் கொலு வைப்பார்கள். மேற்படிகளில் தெய்வங்கள் இருக்கும். கீழ்ப்படிகளிலோ அரிசி பருப்பைக் குவித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் செட்டியார், கிணறு, உரல், மாட்டுவண்டி, ஏர் பிடிக்கும் உழவர் என்று ஒரு கிராமமே இருக்கும். குழந்தைகள் முதலில் பார்ப்பது கீழ்ப்படியைத்தான்!

இதே தேக்கா வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் செங்கல் சூளைகள் இருந்தன. மாட்டு வியாபாரமும் செழித்தது. இரண்டிலும் உழைத்தவர்களில் பலர் இந்தியர்கள். இன்று அங்கே சூளையும் இல்லை, மாட்டுக் கொட்டிலும் இல்லை. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற தெருப் பெயர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை. அன்று பால் கறந்த செம்பு எங்கே? வண்டியின் நுகத்தடி எங்கே? உழைப்பவர் கையிலிருந்த பொருள் தேயும், உடையும், அடுப்புக்குப் போகும். அதை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. அதனால்தான் அதன் சிறு வடிவத்துக்கு மதிப்பு.

இதற்குப் பழைய சான்றுகள் உண்டு. சிந்துவெளியில் ஹரப்பா, மொகஞ்சதாரோ ஆகிய நகரங்கள் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்தன. அங்கே ஓடிய மரவண்டிகள் மக்கி மண்ணாயின. ஆனால் சுட்ட மண்ணால் செய்த சிறுவண்டிகளும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்தன. அந்த மக்களின் வண்டி எப்படி இருந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் இந்த மண்வண்டிகளைக் கொண்டே அறிந்தார்கள். பெரிய வண்டி போயிற்று. சிறிய வண்டி சாட்சி சொல்கிறது.

எகிப்து நாட்டில் மெகெட்ரே என்ற உயர் அதிகாரி சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அவருடைய கல்லறையில் 1920-ல் ஒரு சிறு அறையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே மரத்தால் செய்த 24 சிறு வடிவங்கள் இருந்தன. படகுகள், தானியக் களஞ்சியம், ரொட்டி சுடும் இடம், மாட்டுத் தொழுவம், பெண்கள் நெய்யும் தறிக்கூடம், தச்சுப் பட்டறை எல்லாம் அவற்றில் அடக்கம். பட்டறையின் பெட்டியில் உளியும் வாளும்கூடச் சின்னஞ்சிறு அளவில் இருந்தன. மறுமையிலும் எசமானருக்குக் குறைவு வரக்கூடாது என்றுதான் அவற்றை வைத்தார்கள். ஆனால் இன்று நமக்கு அவை காட்டுவது எசமானரை விட, தறியில் அமர்ந்த பெண்ணையும் மாவு பிசைந்த ஆளையும் அல்லவா?

நம் தமிழ் நாட்டிலும் இந்தக் கலை பழையது. தச்சர் செய்து கொடுத்த சிறுதேரைப் பிள்ளைகள் இழுத்து விளையாடியதைக் குறுந்தொகை கூறுகிறது. மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. செப்பு என்ற சொல்தான் பேச்சில் சொப்பு ஆயிற்று. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் மரச்சொப்புக்குப் பெயர்பெற்ற ஊர். கட்டையைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் கடைந்து குடமாகவும் அண்டாவாகவும் ஆக்குவார்கள். சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்கை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இது எளிய வேலை அன்று. ஒன்றைச் சிறிதாக்க வேண்டுமானால் அதை முழுதாக அறிந்திருக்க வேண்டும். குடத்தின் கழுத்து எங்கே ஒடுங்குகிறது, வண்டியின் அச்சு எங்கே தாங்குகிறது என்று தெரியாதவர் கையில் பொருள் உருவாகாது. புழக்கத்தை அறிந்த கைதான் பொம்மையையும் செய்கிறது.

சிங்கப்பூரில் நமது அண்டை வீட்டாரான சீனர்களிடமும் இத்தகைய கலை உண்டு. மூங்கில் சிம்புகளைக் கட்டி, காகிதம் ஒட்டி, வீடு, வாகனம், உடை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் செய்வார்கள். இறந்த முன்னோருக்குப் போய்ச் சேரட்டும் என்று அவற்றை எரித்துவிடுவார்கள். நம் மரப்பாச்சியோ தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஒன்று நெருப்புக்கு, ஒன்று பேழைக்கு. ஆனால் வாழ்ந்தவரை மறவாமை என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். 1877-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. மரத்தைப் பட்டுப்போக விடாமல் பால் எடுக்கும் முறையை அங்கே இருந்த ரிட்லி 1890-களில் வகுத்தார். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்த முறைப்படி விடியுமுன் எழுந்து பால் வெட்டிய ஆயிரக்கணக்கான தமிழர்களின் பெயர் எந்த நூலில் இருக்கிறது? அவர்கள் பிடித்த வெட்டுக்கத்தி, மரத்தில் கட்டிய மங்கு, தோளில் சுமந்த காண்டா வாளி, பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயக்கொட்டகை இவைதாம் அவர்களின் வரலாறு. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயன்களும் இடிந்து வருகின்றன.

ஆகவே பெற்றோர்களே, விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு ஒரு பிடி களிமண் கொடுங்கள். தாத்தா வெட்டிய மரம், பாட்டி தூக்கிய வாளி, நீங்கள் பிறந்த லயம் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். வாளியின் பிடி எப்படி இருந்தது என்று பிள்ளை கேட்கும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையே பதில் சொல்லச் சொல்லுங்கள். செய்ததை நிழலில் நன்றாக உலர்த்தி, அடியில் பொருளின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அடுத்த நவராத்திரிக்குக் கொலுவின் கீழ்ப்படியில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.