கைமாறிக் கைமாறி வந்த மட்டை

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பொங்கல் விடுமுறையின்போது ஏழு கோல்ஃப் மட்டைகள் சாய்ந்து நின்றன. சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் கொண்டுவந்தவை. எதிர்வீட்டுப் பெரியவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹாக்கி மட்டையா தம்பி?" என்றார். "இல்ல தாத்தா, கோல்ஃப். இப்பத்தான் கத்துக்கறேன். செகண்ட் ஹேண்டுல வாங்கினேன்" என்றான். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது அவன் குரல் தாழ்ந்தது. அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு எங்கள் ஊர்ப் பக்கம். கோல்ஃப் மைதானம் கிடையாது. விளையாட வேண்டுமானால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், இல்லையென்றால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ மலையேற வேண்டும். ஆனால் அந்த ஏழு மட்டைகளின் பரம்பரையைத் தேடிப் போனால் ஒரு பெருமாள் சிலை வருகிறது, கருங்காலி வருகிறது, சுவாமிமலை வருகிறது, மணவாளக்குறிச்சிக் கடற்கரையும் வருகிறது.

கதை ஒரு தடையில் தொடங்குகிறது. 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. ஆட்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடினார்கள் என்பது காரணம். ஆனால் அவருடைய பேரன் நான்காம் ஜேம்ஸே 1502இல் பெர்த் நகரத்தில் மட்டைகள் வாங்கினார். விற்றவர் யார் தெரியுமா? ஒரு வில் செய்பவர்! வில்லைக் காப்பாற்றத் தடை செய்த விளையாட்டுக்கு, வில் பட்டறையே மட்டை செய்து கொடுத்திருக்கிறது. 1603இல் ஆறாம் ஜேம்ஸ் தமக்கு மட்டை செய்ய நியமித்த வில்லியம் மெய்னும் வில் செய்பவர்தான். வளைந்து, உடையாமல், பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும் கம்பு எது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்றும் மட்டைத் தண்டில் ஆர், எஸ் என்று எழுத்துகள் இருக்கும். தண்டு எவ்வளவு வளையும் என்பதன் அடையாளம் அது. வில் செய்பவரின் கணக்கு இன்னும் அந்த எழுத்தில் வாழ்கிறது.

அடுத்த காட்சி இங்கிலாந்தின் ஹல் நகரத்தில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு பழைய வீட்டில், சுவரோடு அடைக்கப்பட்டிருந்த அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே எட்டு மட்டைகள்: ஆறு மரத்தலை, இரண்டு இரும்புத்தலை. கூடவே 1741ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்று. பிறகு ட்ரூன் கிளப்பின் கைக்குப் போனதால் ட்ரூன் மட்டைகள் என்று பெயர் பெற்ற இவை, உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மட்டைகளில் சேர்ந்தவை. யாரோ பயன்படுத்தி, யாரோ எடுத்து வைத்து, யாரோ கண்டெடுத்தவை. கோல்ஃபின் பெரும் பொக்கிஷங்களில் ஒன்றே கைமாறிய செட்தான்!

பழைய மட்டைக்கு மதிப்பு வந்ததும் போலியும் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துத் தச்சர் ஹியூ ஃபில்ப், 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்த மட்டைகளை ஆட்டக்காரர்கள் நல்ல வயலினைப் போலப் போற்றினார்கள். 1856இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பெயருக்குக் கிராக்கி குறையவில்லை. விளைவு, அவர் பெயர் பொறித்த போலிகள் சந்தையில் உலவத் தொடங்கின. பழைய மட்டை வாங்குபவர் முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்ற பாடத்துக்கு வயது நூறு ஆண்டுக்கு மேல்.

இதற்குள் மட்டை கப்பலேறிவிட்டது. ஸ்காட்லாந்து வணிகர்களும் படைவீரர்களும் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. 1829இல் கல்கத்தாவில் தொடங்கிய கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழையது. கொழும்பில் 1879, நுவரெலியாவில் 1889, கொடைக்கானலில் 1895. 1884இல் பிறந்த மெட்ராஸ் ஜிம்கானாவின் கோல்ஃப் திடல், கிண்டி குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு நடுவிலேயே அமைந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஊர் திரும்பும்போது நாற்காலி, மேசை, துப்பாக்கியோடு மட்டைப் பையையும் விற்றுவிட்டுத்தான் போவார்கள். வாங்கியவர் அடுத்து வந்தவருக்கு விற்றார். நம் மண்ணில் மட்டை பரவிய வழிகளில் அதுவும் ஒன்று.

கிழக்கிலிருந்து மேற்குக்கும் ஒன்று போயிற்று. 1840களில் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்த ஒரு குடும்பத்துக்கு ஆசியாவிலிருந்து ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். சிலை உடையாமலிருக்க அதைச் சுற்றி ஒரு மரப்பாலின் சில்லுகளை அடைத்திருந்தார்கள். மலாய் நாட்டுக் கட்டாபெர்ச்சா மரத்தின் பால் அது. வெந்நீரில் போட்டால் மாவாக இளகும், ஆறினால் கல்லாக இறுகும். அந்தச் சில்லுகளை இறையியல் மாணவர் ராபர்ட் பேட்டர்சன் உருட்டிப் பந்தாக்கினார் என்பது கோல்ஃப் உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சிலையின் பங்கு கதையாகவே இருக்கட்டும். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா பந்து மைதானத்துக்கு வந்தது வரலாறு. அதுவரை தோலுறைக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்த பந்துகள்தான். ஒரு நாளைக்குச் சிலதான் செய்ய முடியும், விலையும் அதிகம். புதுப் பந்து மலிவு. ஆனால் வழவழப்பான புதுப் பந்து காற்றில் தடுமாறி விழுந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துதான் நேராகப் பறந்தது! அதைக் கவனித்தவர்கள் புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்றார்கள். இன்றைய பந்தின் குழிகள் அந்தக் கீறல்களின் வாரிசுகள்.

கெட்டியான இந்தப் பந்து பழைய மட்டைகளின் மெல்லிய மரத்தலைகளைப் பிளந்தது. உறுதியான மரம் தேடினார்கள். ஃபில்ப்பின் பட்டறையை ஏற்று நடத்திய ராபர்ட் ஃபோர்கன் போன்றவர்கள் தண்டுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஹிக்கரி மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தலைக்குப் பின்னாளில் வந்தது பெர்சிமன் மரம், அதுவும் அமெரிக்காவிலிருந்து. அதன் தாவரக் குடும்பத்தைப் பார்த்தால் நமக்கு உறவு: டயோஸ்பைரஸ் என்ற பேரினத்தில் நம் கருங்காலியும் உண்டு, பெர்சிமனும் உண்டு. இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் கழுத்தில் மாலையாகத் தொங்கும் மரத்தின் அமெரிக்க ஒன்றுவிட்ட தம்பிதான், ஏறக்குறைய நூறாண்டு கோல்ஃப் பந்தை அடித்துத் தள்ளியது. எங்கள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்குள்ள சிற்பி ஒருவர் கையில் அந்தக் காலத்துப் பெர்சிமன் தலையைக் கொடுத்தால், ரேகை ஓட்டத்தைப் பார்த்தே அது எந்தப் பக்கம் அடி வாங்கும் என்று சொல்லிவிடுவார். எனக்கு அதில் சந்தேகமில்லை.

பிறகு எஃகு வந்தது. எஃகுத் தண்டை 1924இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அனுமதித்தது. பிரிட்டனில் விதி வகுத்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் மறுத்தது. வேல்ஸ் இளவரசர் அங்கேயே எஃகு மட்டையோடு விளையாட, 1929இல் அதுவும் வழிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மரத்துக்குப் பழகிய கண் எஃகை ஏற்காது என்று அஞ்சிய நிறுவனங்கள், எஃகுத் தண்டின் மேல் மரரேகை போலப் பழுப்பு உறை போட்டு விற்றன. 1930இல் பாபி ஜோன்ஸ் நான்கு பெரும் பட்டங்களையும் ஹிக்கரியாலேயே வென்றார். மறு ஆண்டே அமெரிக்க ஓப்பனை பில்லி பர்க் எஃகால் வென்றார். ஹிக்கரி ஒரே இரவில் பழைய சாமானாகிவிட்டது. எஃகு வந்த பின் ஆளுக்கு இருபது, இருபத்தைந்து என்று மட்டை சுமக்க, 1938இல் அமெரிக்கா பதினான்குதான் என்று வரம்பு கட்டியது. பதினான்கு என்பது உச்சவரம்பு, கட்டாயமல்ல. கற்றுக்கொள்பவருக்கு ஏழு போதும்.

1959இல் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் தம் வீட்டு கராஜில் ஒரு பட்டர் செய்தார். பந்தைக் குழியை நோக்கி உருட்டும் மட்டை அது. பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஒலித்தது. அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று. எடையை நடுவில் குவிக்காமல் விளிம்புக்குத் தள்ளினால், பந்து சற்று விலகிப் பட்டாலும் தலை திருகாது என்பது அவர் கண்ட உண்மை. பின்புறம் குழிவாக உள்ள இரும்பு மட்டைகள் அங்கிருந்து கிளைத்தவை. அந்தக் குழிவைச் சம்மட்டியால் அடித்துக் கொண்டுவருவது கடினம். ஆகவே மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சு பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். படிக்கும்போதே புரிந்திருக்கும்: சோழர் காலத்து நடராசரும் இப்படித்தான் பிறந்தார். சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலைப் பூசிச் செய்யும் அதே வேலை. இன்றைக்குப் புதியவர்கள் வாங்க வேண்டியதும் இந்தக் குழிவு முதுகு மட்டையைத்தான், ஏனென்றால் அது பிழை பொறுக்கும்.

1979இல் டெய்லர்மேட் நிறுவனம் உலோகத்தலை கொண்ட 'வுட்' ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொருள் உலோகம், பெயர் மட்டும் மரம். பழைய எஃகின் மரரேகை வேடம் இப்போது பெயரில் வந்து உட்கார்ந்தது. 1991இல் காலவே நிறுவனம் முதல் உலகப்போரின் ஜெர்மன் பீரங்கி ஒன்றின் பெயரால் 'பிக் பெர்த்தா' என்ற பெருந்தலை மட்டையை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தலை டைட்டானியமாயிற்று. அந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் கறுப்பாக மின்னுகிறது. அந்த மணலை உலகம் அறிந்ததும் தற்செயல்தான். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சோதித்தபோது மோனசைட் என்ற இன்னொரு தாது கிடைத்தது.

ஒவ்வொரு புதுமையும் முந்தைய தலைமுறை மட்டைகளைப் பரணுக்கு அனுப்பியது. அந்தப் பரணிலிருந்துதான் கோல்ஃப் ஏழை வீட்டுக்குள் நுழைந்தது. பை சுமக்கும் கேடிகள், ஆட்டக்காரர்கள் கழித்துக் கொடுத்த ஒற்றை மட்டையால், திடலில் ஆள் இல்லாத நேரத்தில் அடித்துப் பழகினார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் முறை. 2009இல் அதே பட்டத்தை பெங்களூரின் முன்னாள் கேடி சி. முனியப்பா வென்றார். செகண்ட் ஹேண்ட் என்று குரலைத் தாழ்த்தும் எவரும் இந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

அண்ணன் மகனுக்கு அன்று திண்ணையிலேயே வகுப்பு எடுத்தேன். மட்டையின் வரலாறே அதைச் சோதிக்கும் முறை. பிடியைப் பார்: ரப்பர் இறுகிப் பளபளத்திருந்தால் புதுப் பிடி மாட்டு, செலவு அதிகமில்லை. தண்டை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்: எஃகுத் தண்டில் வளைவோ துருவோ, கிராஃபைட் தண்டில் மயிரிழைக் கீறலோ இருந்தால் வேண்டாம். தலையைப் பிடித்துத் திருகிப் பார், 'கடக்' என்று அசையக் கூடாது. டைட்டானியம் என்று விற்றால் ஒரு காந்தத்தை வை. ஒட்டினால் அது டைட்டானியம் அல்ல. செட்டை உதிரி உதிரியாகச் சேர்க்காதே: 1970களில் 7 எண் இரும்பின் முகச் சாய்வு 36 பாகைக்கு மேல் இருந்தது, இன்று பலவற்றில் 30க்கும் கீழே. எண் ஒன்றுதான், பந்து போகும் தூரம் வேறு.

கடைசியாக அவனுடைய 7 எண் இரும்பை வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். முகத்துக் கோடுகளின் நடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் தேய்ந்திருந்தது. முனையிலும் அடியிலும் தேய்மானமே இல்லை. "இதை வச்சிருந்தவர் ஒவ்வொரு அடியையும் நடுவுல அடிச்சிருக்கார்டா" என்றேன். அவன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

மாலையில் எதிர்வீட்டுப் பெரியவர் மறுபடி வந்தார். "எவ்வளவுக்குப்பா வாங்கின?" என்று கேட்டார். "செகண்ட் ஹேண்டுதான் தாத்தா. இங்க பாருங்க" என்று மட்டையைத் திருப்பி அந்தத் தேய்ந்த வட்டத்தை அவருக்குக் காட்டினான். இந்த முறை குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.