சிரிக்காத முகமும் குத்துச்சண்டையும்

ஊமைப் படங்கள் உலகை ஆண்ட நாளில் சார்லி சாப்ளினுக்கு இணையாக வைத்து எண்ணப்பட்டவர் அமெரிக்க நடிகர் பஸ்டர் கீட்டன். ரயில்வே ஊழியர்களாகிய எம்போன்றோர்க்கு ‘தி ஜெனரல்’ படத்தின் என்ஜின் ஓட்டுநராகவே அவர் பழக்கமானவர். அதற்குச் சற்று முன்னர், 1926-ஆம் ஆண்டில், அவரே இயக்கி நடித்த ‘பாட்லிங் பட்லர்’ என்னும் குத்துச்சண்டைச் சித்திரத்தை நினைவுகூர்வோர் சிலரே.

செல்வச் சீமான் மகனொருவன், உடலுரம் பெறவென்று தந்தையால் மலைக்காட்டுக்கு அனுப்பப்படுகிறான். உடன் செல்லும் பணியாளன், கூடாரத்தினுள்ளேயே மாளிகை வாழ்வை நடத்திக் கொடுக்கிறான். துப்பாக்கியுடன் வேட்டைக்குப் புறப்பட்டவனைச் சுற்றி விலங்குகள் உலவுகின்றன. அவனோ ஒன்றையும் காணான்! இங்கேதான் கீட்டனின் இயக்கும் முறை விளங்குகிறது. அவர் காமிராவை எட்ட நிறுத்துவார். மனிதனும் அவனைச் சூழ்ந்த உலகும் ஒரே சட்டத்துள் முழுமையாய்த் தெரியும். அவன் காணாததை நாம் காண்கிறோம். சிரிப்பு அதனால் தானே பிறக்கிறது. முகத்தை அருகில் காட்டி நம்மைச் சிரிக்கச் சொல்லும் வழக்கம் அவரிடம் மிகக் குறைவு. பெற்றோருடன் மேடையேறி, தூக்கி எறியப்பட்டே வளர்ந்த பிள்ளை அவர். தாம் சிரித்தால் சபை சிரிப்பதில்லை என்பதை அந்நாளிலேயே அறிந்துகொண்டவர்.

மலைநாட்டுப் பெண்ணொருத்தியை மணக்கும் பொருட்டு, அதே பெயருடைய குத்துச்சண்டை வீரன் தானே என்னும் பொய்க்கு நாயகன் உடன்படுகிறான். பொய் முற்றிப் பயிற்சிக்களம் வரை இழுத்துச் செல்கிறது. இக்கதைக்கு மூலமான மேடை நாடகத்தில் அவன் கடைசிவரை சண்டையிடுவதே இல்லை. கீட்டன் இதை ஏற்கவில்லை. சண்டை வரும் வரும் என்று ஏழு ரீல்கள் காக்கவைத்துவிட்டு ஏமாற்றலாகாது என்பது அவர் எண்ணம்.

ஆகவே, போட்டி முடிந்தபின் உடைமாற்றும் அறையில் உண்மை வீரன் இவனை அடித்து நொறுக்குகிறான். வாயிலில் மனைவி நிற்பதைக் கண்டதும் கோழை திரும்புகிறான். அக்கணமே நகைச்சுவை நின்றுவிடுகிறது. பகைவன் தளர்ந்த பின்னும் அவன் கை ஓயவில்லை. பார்க்கும் நமக்கே அச்சம் உண்டாகிறது. நகைச்சுவைப் படத்திற்கு இது தகுமா என்று கேட்பாரும் உளர்; தகும் என்பதே என் துணிபு. 1980-இல் ‘ரேஜிங் புல்’ எடுத்த மார்ட்டின் ஸ்கார்செசி, குத்துச்சண்டையை உள்ளபடி உணர்ந்து காட்டியவராகக் கீட்டனையே போற்றியிருக்கிறார்.

பின்னர் அவன் உண்மையை ஒப்புக்கொள்கிறான். அவள் மகிழவே செய்கிறாள். தலையில் பட்டுத் தொப்பி, கையில் பிரம்பு, இடையில் குத்துச்சண்டைக் கால்சட்டை மட்டுமாய், அவளுடன் இரவு வீதியில் நடந்து செல்கிறான். முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை.