குருதி வகையும் குடி வரலாறும்

தமிழ் மக்களின் தொன்மையை ஆராய்வோருள் சிலர் மொழி, கல்வெட்டு, அகழ்பொருள் என்பவற்றோடு அமையாது, குருதி வகையையும் சான்றாகக் காட்டுவர். அச்சான்று எத்துணை வன்மையுடையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கை அளந்து குலங்களை இனம் பிரிக்க முயன்றார். 1901-இல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைக் கண்டறிந்து வெளியிட்ட பின்னர், மூக்கினும் குருதியே நம்பத்தக்க அளவுகோல் என்னும் எண்ணம் வலுத்தது. முதல் உலகப் போரின்போது சலோனிக்காப் போர்முனையில் பணியாற்றிய ஹிர்ஸ்பெல்டு இணையர், பல நாட்டார் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரின் குருதியைச் சோதித்து, 1919-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலேயருள் 'பி' வகையினர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். இந்தியருள் 41 விழுக்காட்டினர். இதுகொண்டு, 'பி' வகை இந்தியாவில் தோன்றிப் பிற நாடுகளிற் பரவிற்று என அவர்கள் கருதினர்.

பல மொழியும் பல குலமும் உடைய ஒரு நாட்டார் அனைவரும் ஈண்டு 'இந்தியர்' என ஒரே இனமாக எண்ணப்பட்டனர் என்பது நோக்கத்தக்கது. படையிற் சேர்ந்தோர் நாட்டு மக்கள் அனைவர்க்கும் நிகராகார் என்பது வெளிப்படை. அன்றியும், 'ஏ', 'பி' வகைகளுக்குரிய மரபணு வேறுபாடு மனிதர்க்கும் குரங்கினங்கள் சிலவற்றுக்கும் பொதுவான முன்னோரிடமிருந்தே வருவது என 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மனித இனம் தோன்றுமுன்பே இருந்ததொன்றை இந்நாட்டுப் பிறப்பு என்றல் யாங்ஙனம்?

நம் நாட்டுச் சான்று நீலகிரியது. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் அம்மலைவாழ் குடிகளிடையே குருதி வகைகளோடு, சிவப்பணு அரிவாள் வடிவுறும் இயல்பையும் ஆராய்ந்தனர். இவ்வியல்பு இருளர், குறும்பரிடை மிகுதியாகவும், படகர், தோடரிடை குறைவாகவும் காணப்பட்டது. திராவிடர்க்கு முற்பட்ட தொல்குடியின் எச்சம் இது எனக் கொள்ளும் போக்கு அந்நாளில் எழுந்தது. ஆனால் அவ்வியல்பு மலேரியாக் காய்ச்சலினின்று ஓரளவு காப்பளிக்கின்றது என 1954-இல் அல்லிசன் காட்டினார். காய்ச்சல் மிக்க தாழ்சரிவுகளில் வாழ்ந்தார்க்கும், குளிர்ந்த மேட்டுநிலத்தில் வாழ்ந்தார்க்கும் இடையே இவ்வேறுபாடு தோன்ற வாழிடமும் காரணமாகலாம். எனவே, விழுக்காட்டு ஒற்றுமை ஒன்றே கொண்டு குடியுறவு நாட்டுதல் பொருந்தாது என யாம் கருதுகின்றோம். மொழியாராய்ச்சியாளர் இதனைத் துணைச்சான்றாகவும் எளிதில் எடுத்தாளுதல் கூடாது.

நால்வகைக் குருதியும் நம் மக்கள் எல்லாரிடையும் விரவியுள்ளன. ஒருவரது குருதி வகை அவர்தம் குடியைக் கூறாது. நீலகிரிக் கணக்கின் பயன் மருத்துவத்தின்பாற்பட்டது: தாய் தந்தை இருவரிடத்தும் அரிவாள் அணு இயல்பு இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.