தக்காவிக் கடனிலிருந்து நிவாரணம் வரை

புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் பெரிய மார்க்கெட்டுக்குக் குபேர் அங்காடி என்றும் பெயர். பிரெஞ்சிந்திய அரசியலில் கொடிகட்டிப் பறந்து, பிறகு முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அது. மீனும் ஆட்டுக்கறியும் காய்கறியும் பூவும் விற்கும் இந்த மார்க்கெட்டில் நிற்பவருக்குப் பாகூர், வில்லியனூர் பக்கத்து மாட்டுக்கொட்டகைகள் கண்ணில் படாது. அங்கே வெள்ளம் புகுந்தால் நகரத்துப் பால் செம்பு வரை அது தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. இறந்த மாட்டுக்கு 40,000 ரூபாய், கன்றுக்கு 20,000 ரூபாய் என முதலமைச்சர் ரங்கசாமி அறிவித்தார். தமிழக அரசு அறிவித்தது 37,500. புதுச்சேரி வயலும் தமிழகத்தின் கடலூர் வயலும் வரப்பு ஒட்டிக் கிடக்கும் பகுதி பாகூர். வரப்புக்குப் புதுச்சேரிப் பக்கம் செத்த மாட்டுக்கு 2,500 ரூபாய் கூடுதல்.

இப்படி ஈடு கொடுக்கும் வழக்கம் அத்தனை பழையதல்ல. புயலோ இந்த ஊருக்குப் பழைய விருந்தாளி. 1761 புத்தாண்டையொட்டி அடித்த காற்று, ஊரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களையே மூழ்கடித்தது. 1916 நவம்பர் புயலின்போது பாரதியார் இங்கேதான் குடியிருந்தார். தப்பிப் பிழைத்த தென்னந்தோப்பைப் பாடி வைத்தார்.

ஈட்டுக்கு முன் இருந்தது கடன். பக்கத்துச் சென்னை மாகாணத்தில் 1876-78 தாது வருஷப் பஞ்சம் மனிதரையும் மாட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு வந்த 1884ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் சட்டம், விதையும் மாடும் வாங்க அரசு கடன் கொடுக்க வழி செய்தது. தக்காவிக் கடன் என்றார்கள். மாட்டை இழந்தவன் புது மாட்டோடு கடனையும் சேர்த்து வீட்டுக்கு ஓட்டி வந்தான். 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை.

1990இல் ஒன்பதாவது நிதிக்குழுவின் பரிந்துரையில் மாநிலங்களுக்குப் பேரிடர் நிவாரண நிதி அமைந்தது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பின் அது புது உருவம் எடுத்தது. திருப்பிக் கட்ட வேண்டாத பணம் என்பது பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் தொகைகளைப் படித்தால் மனம் ஆறவில்லை. 2022-26 காலத்துக்கான மத்திய விதிப்படி கறவை மாடு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். கறவை மாடு எத்தனை செத்தாலும் ஒரு குடும்பத்துக்கு மூன்றுக்குத்தான் பணம். கோழிக்கு உச்சவரம்பு 10,000. அதாவது நூறு கோழியோடு கணக்கு முடிந்தது. ஐந்நூறு கோழி வளர்த்தவருக்கு மீதி நானூறும் நட்டம். நல்ல கறவை மாடு ஒன்றைச் சந்தையில் 37,500க்கு வாங்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஈட்டுத்தொகைக்குச் செத்த மாட்டைத்தான் அந்த விதி எண்ணுகிறது. நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற மாட்டுக்குக் குளம்பு புண்ணாகும், மடி வீங்கும், பால் வற்றும். வைக்கோல்போரும் அழுகிப் போயிருக்கும். உயிரோடு இருக்கும் அந்த மாட்டுக்குத் தீனி வாங்க வேண்டியவர், பால் பணம் இல்லாத அந்த மாதங்களைச் சொந்தக் கைக்காசில்தான் ஓட்டுகிறார்.