கேட்கத் தயங்கும் கேள்வி: மூளைக் கட்டியும் கணிப்பொறியும்



வீட்டில் ஒருவருக்குத் தலைக்குள் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், வீட்டார் மனத்தில் எழும் முதல் கேள்வி எது என்பதை நாம் அறிவோம். ‘இன்னும் எத்தனை நாள் இருப்பார்?’ என்பதே அது. வாய்விட்டுக் கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் முடியாது. அந்த விடையைப் பொறுத்துத்தான் மகளின் கலியாணத்தை முன்னே வைப்பதா, நகையை அடகு வைத்து இன்னொரு டாக்டரைப் பார்ப்பதா, வெளியூரில் இருக்கும் மகனை அழைப்பதா என்று வீடு முடிவெடுக்க வேண்டும். இப்போது தலையின் படத்தைப் பார்த்துக் கணிப்பொறியே இதற்கு விடை சொல்லும் என்ற பேச்சு அடிபடுகிறது. அந்தப் பேச்சு எப்படி வளர்ந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை இன்று நாம் பார்ப்போம்.

தேங்காயை உடைக்காமல் உள்ளே நல்லதா அழுகலா என்று சொல்வது கடினம். தேங்காயையாவது தட்டிப் பார்க்கலாம், ஆட்டிப் பார்க்கலாம். மனிதத் தலையை என்ன செய்வது?

1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் லண்டனில் ஒரு காரியம் நடந்தது. இருபத்தைந்து வயது விவசாயி ஒருவருக்கு இடப்பக்கத்து முகமும் கையும் இழுத்துக்கொண்டன. பின்னர் கை பலமிழந்தது. ஹியூஸ் பென்னெட் என்ற மருத்துவர் இந்த அறிகுறிகளை மட்டுமே வைத்து, மூளையின் வலப்பக்கத்தில் இன்ன இடத்தில் கட்டி இருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். படம் எதுவும் கிடையாது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படவே இன்னும் பதினோர் ஆண்டுகள் இருந்தன. ரிக்மன் காட்லி என்னும் அறுவை மருத்துவர் அந்த இடத்தில் மண்டையோட்டைத் திறந்தார். சொன்ன இடத்திலேயே கட்டி இருந்தது! ஆனால் காயத்தில் கிருமி புகுந்து, ஏறத்தாழ நான்கு வாரத்தில் அந்த இளைஞர் இறந்துபோனார்.

1895இல் ஜெர்மனியில் ரோண்ட்கென் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு தெளிவாகத் தெரிந்தது; அதற்குள் இருக்கும் மூளை தெரியவில்லை. 1918இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டாண்டி ஒரு வழி கண்டார். மூளையின் உட்குழிகளில் இருக்கும் நீரை எடுத்துவிட்டு, காற்றை நிரப்பிப் படம் எடுத்தார். நிழல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் கட்டி என்று கொள்வார்கள். நோயாளிக்கு அது பெரும் வேதனை. 1927இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் கழுத்து இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி, மூளையின் இரத்தக் குழாய்களைப் படமாக்கினார்.

இவையெல்லாம் ‘கட்டி எங்கே?’ என்ற கேள்விக்கு விடை. ‘எத்தனை நாள்?’ என்பதற்கு முறையாக விடை தேடியவர்கள் பாஸ்டன் நகரில் இருந்தார்கள். ஹார்வி குஷிங் கட்டிகளை அறுத்தெடுத்தார். அவருடன் பணிபுரிந்த பெர்சிவல் பெய்லி அவற்றை நுண்ணோக்கியில் வைத்து வகை பிரித்தார். அந்த நோயாளிகள் ஒவ்வொருவரும் பின்னர் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்தார்கள். 1926இல் அது நூலாக வெளிவந்தது. ஒரு வகைக் கட்டி உள்ளவர்கள் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்கள். கிளியோபிளாஸ்டோமா எனப்படும் கடுமையான வகையினர் பெரும்பாலும் ஓர் ஆண்டு அளவே இருந்தார்கள். பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, ‘சென்ற ஆண்டு இந்த மாதத்தில் இந்தக் காட்டில் இவ்வளவு பால் வந்தது, இந்த ஆண்டும் ஏறத்தாழ அவ்வளவுதான்’ என்று சொல்லும் கிராணியாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் கணிப்பு என்பது அன்றும் இதுதான். கணிப்பொறி வந்தபின் இன்றும் இதுதான். புத்தகம் பெரிதாகிவிட்டது, அவ்வளவே.

உடைக்காமல் தேங்காய்க்குள் பார்க்கும் கருவி 1971இல்தான் வந்தது. அதைச் செய்த காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்ட், இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். கிராமத்துப் பண்ணையில் வளர்ந்தவர். அவருடைய முதல் சோதனைக் கருவிக்கு ஒரு படத்திற்கு வேண்டிய அளவுகளை எடுக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. கசாப்புக் கடையிலிருந்து மாட்டு மூளை வாங்கிவந்து சோதித்தார் என்றால் நேயர்கள் சிரிக்கலாம்; ஆனால் நடந்தது அதுதான். 1971 அக்டோபர் முதல் நாள் விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் தலையைப் படமெடுத்தார்கள். நீளத்தில் எண்பது, அகலத்தில் எண்பது கட்டங்கள் கொண்ட மங்கலான படம். அதில் மூளையின் முன்பகுதிக் கட்டி கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. 1979இல் அவருக்கும், இதற்கு வேண்டிய கணக்கைத் தனியாகக் கண்டறிந்த ஆலன் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. காந்த சக்தியால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. அதன் பின் வந்து, மூளையை இன்னும் துல்லியமாகக் காட்டியது.

இனி எண்களுக்கு வருவோம். கடுமையான அந்தக் கட்டிக்குக் கதிர் சிகிச்சையுடன் டெமோசொலொமைட் என்ற மாத்திரையும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. கதிர் மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 14.6 மாதம் என்றது அது. இந்த 14.6 என்ற எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அநேகர். நூறு நோயாளிகளைக் காலைப் பெரட்டில் நிற்பது போல, வாழ்ந்த நாள் வரிசைப்படி நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் கணக்கு அது. பாதிப்பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள். பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள். அதே ஆய்வின் 2009ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இரண்டு சிகிச்சையும் பெற்றவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் ஐந்து ஆண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார். ‘பதினாலு மாதம்’ என்று மட்டும் கேட்டு வீடு திரும்பிய குடும்பத்துக்கு இது தெரியாது.

நம் வீட்டுக்காரர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் கணிப்பொறி சொல்ல முயல்கிறது. ஒரே தலையை எம்.ஆர்.ஐ. கருவி நான்கு விதமாகப் படமெடுக்கும். கட்டியின் உயிருள்ள விளிம்பு, செத்துப்போன நடுப்பகுதி, சுற்றிலும் உள்ள வீக்கம் ஆகியவற்றைக் கணிப்பொறி அளக்கும். இறந்தவர்கள், வாழ்ந்தவர்கள் என விடை தெரிந்த பழைய நோயாளிகளின் படங்களோடு ஒப்பிடும். செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெயர் சொன்னாலும் வேலை இதுதான். 2016இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 105 பழைய நோயாளிகளின் படங்களிலிருந்து கற்க வைத்து, புதிய 29 பேரிடம் சோதித்தார்கள். குறைந்த காலம், நடுத்தரக் காலம், நீண்ட காலம் என மூன்று வகையாகப் பிரிப்பதில் ஏறத்தாழப் பத்துக்கு எட்டு சரியாக வந்தது. எல்லாரும் வியந்தார்கள்.

ஆனால் ஒரே இடத்தில் எடுத்த படம் வேறு, பல ஊர்க் கருவிகளில் எடுத்த படம் வேறு. பிராட்ஸ் எனப்படும் உலகப் போட்டியில் 2017 முதல் 2020 வரை இதே கேள்வியைப் பல நாட்டு ஆய்வாளர்கள் முன் வைத்தார்கள். பத்து மாதத்திற்குள்ளா, பதினைந்து மாதத்தைத் தாண்டியா, இடையிலா? கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாக வரும். வெற்றி பெற்ற முறைகளோ பத்துக்கு ஆறு என்ற அளவைச் சுற்றியே நின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், படத்தை ஒதுக்கிவிட்டு நோயாளியின் வயதை மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு, நுட்பமான பல முறைகளுக்குச் சளைக்காமல் நின்றது. வயது குறைந்தவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பதைப் பாட்டியே சொல்லிவிடுவாரே!

கற்றுக்கொள்ளக் கிடைத்தவர்கள் சில நூறு பேரே என்பது ஒரு காரணம். ஆயுளைத் தீர்மானிப்பவற்றில் பல படத்தில் இல்லை என்பது இன்னொன்று. ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள கட்டி மெதுவாக வளரும் என்பதை 2008இல் கண்டறிந்தார்கள். 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் கட்டிகளை வகைப்படுத்தும் முறையில் அதைச் சேர்த்துக்கொண்டது. அறுவையில் எவ்வளவு எடுக்க முடிந்தது என்பதும் உண்டு.

2021இல் அந்தப் போட்டியாளர்களுக்கு ஆயுள் கேள்வி கொடுக்கப்படவில்லை. வேறு கேள்வி வைக்கப்பட்டது. கட்டியின் எல்லையை வரையும் வேலை மட்டும் தொடர்ந்தது. அதில் கணிப்பொறி உண்மையிலேயே கெட்டிக்காரன் என்பது நம் எண்ணம். டாக்டர் பொறுமையாகக் கையால் வரைய வேண்டியதை அது சில நிமிடத்தில் வரைந்துவிடும். கதிரை எங்கே செலுத்துவது என்று திட்டமிட அது உதவும்.

ஆகவே, ‘எத்தனை நாள்?’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல் இன்னும் சிலவற்றையும் டாக்டரிடம் கேட்கலாம். கட்டி எந்த வகை, எந்தப் படியில் இருக்கிறது? மரபணுச் சோதனை செய்தார்களா? அறுவையில் எவ்வளவு எடுத்தார்கள்? நீங்கள் சொல்லும் மாதக் கணக்கு நடுவில் நிற்பவருடையதா? வயதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதை அவர் முதலிலேயே எழுதிக்கொண்டிருப்பார்.